சக மாணவர் கட்டுரைக்கு உதவும்போது திருத்தும் கையை எப்படி நிறுத்துவது?

கேள்வி:
சக மாணவர்களின் கட்டுரைகளுக்கு உதவ எட்டு மாணவர்களைத் தயார்செய்கிறேன். எல்லோரும் நன்றாக எழுதுபவர்கள், அதுதான் சிக்கல். தாள் கைக்கு வந்ததுமே ஒற்றுப்பிழை திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நேற்று ஒரு மாணவி சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, பேசாமல் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
பேனா எழுதியவர் கையிலேயே இருக்கட்டும். அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் அவரே நின்று, "இது சரியா வரலையே" என்பார். அந்த நொடிக்காகக் காத்திருக்கப் பழகுவதுதான் பயிற்சி. என் மாணவர்களுக்குக் கடினமாக இருந்தது இலக்கணமல்ல, பத்து விநாடி வாயைத் திறக்காமல் இருப்பது.

பதில் 2:
முதல் கேள்வி, "என்ன சொல்ல வர்றீங்க?" என்பதாக இருக்கட்டும். நீக்கப்போகும் பத்தியில் சந்தி பார்த்து என்ன பயன்? இன்னொன்று: 1970களில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் கென்னத் ப்ரஃபீ, பயிற்சி பெறும் மாணவர்களையே கட்டுரை எழுதவைத்து, ஒருவர் எழுத்துக்கு மற்றவர் கருத்து எழுதச் செய்தார். தன் தாளை நீட்டும் கூச்சம் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. திங்கட்கிழமை எட்டுப் பேரும் எழுதப்போகிறார்கள், நானும்தான். அந்த மாணவியிடம் நேரில் பேசி, மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.