ரசனைப் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழ் இல்லாவிட்டால் என்ன?

தோபாயோ ரசிகன்:
பிடித்த பாட்டு, படம், தொலைக்காட்சி, புத்தகம் என்று இங்கே எல்லாரும் பட்டியல் போட்டாயிற்று, இது என்னுடையது.
பாட்டு: 1976 முதல் 1990 வரை இளையராஜா. அதற்கு முன்னால் எம்.எஸ்.விஸ்வநாதன். அப்புறம் மலாய்ப் பட நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் பாடல்கள், அவை இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.
படம்: மகேந்திரன், பாலு மகேந்திரா இயக்கியவை. ரம்லி நடித்த படங்கள், குறிப்பாக இங்கே சிங்கப்பூரில், ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் எடுத்தவை.
தொலைக்காட்சி: 80களில் எட்டாம் ஒளிவழியில் (சேனலில்) வந்த சீன நாடகங்கள். பாதி மொழி புரியாமலே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்த அளவுக்கு எதுவும் பிறகு என்னைப் பிடித்து வைக்கவில்லை.
புத்தகம்: தி.ஜானகிராமன், அசோகமித்திரன். இந்த இருவர் போதும்.

சிராங்கூன் வாசகி:
அண்ணே, பட்டியலை இரண்டு முறை படித்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் நீங்கள். உங்கள் புத்தக வரிசையில் இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லையே. தஞ்சாவூர் வீட்டுக் கூடமும் சமையலறையும் உங்களுக்கு மனப்பாடம். வீவக வீட்டின், அதாவது நம் அரசாங்க அடுக்குமாடி வீட்டின் சமையலறையைத் தமிழில் எழுதியவர்கள் யார் என்று கேட்டால் பெயர் சொல்வீர்களா? மா. இளங்கண்ணன் இருக்கிறார், 2005இல் கலாசாரப் பதக்கம் வாங்கியவர். இராம. கண்ணபிரான் இருக்கிறார். லதா இருக்கிறார், 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றவர். இது நேற்று முளைத்த மரபும் இல்லை. 1888இலேயே சிங்கை நேசன் பத்திரிகையில் மகதூம் சாயபு 'விநோத சம்பாஷணை' எழுதிவிட்டார். ஆய்வாளர்கள் சிலர் அதைத் தமிழின் முதல் சிறுகதைகளோடு வைத்துப் பேசுகிறார்கள்.

ஜூரோங் மணி:
அக்கா, ரசனை என்ன தேசிய சேவையா, வயது வந்ததும் எல்லாரும் கட்டாயம் போய்ச் சேர? பிடித்ததைத்தான் பிடித்தது என்று எழுத முடியும். உள்ளூர் என்பதற்காகவே ஒன்றைப் பட்டியலில் சேர்த்தால் அது அந்த எழுத்தாளருக்கு மரியாதை ஆகாது. நம் ஊர்ப் புத்தக வெளியீடுகளைப் பாருங்கள். பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு, குழுப்படம் உண்டு. 'இந்த மூன்றாவது கதை சரியாக வரவில்லை' என்று மேடையில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தக் கரிசனம்தான் உள்ளூர் எழுத்தைக் கெடுக்கிறது.

சிராங்கூன் வாசகி:
மணி, விமர்சனம் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் முதலில் படிக்க வேண்டும் இல்லையா? பிடிக்கவில்லை என்று சொல்வது வேறு, திறந்தே பார்க்காமல் விடுவது வேறு. இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடுதான். சென்னையில் ஒரு எழுத்தாளரை ஆயிரம் பேர் கவனிக்காவிட்டாலும் வேறு ஆயிரம் பேர் கவனிப்பார்கள். இங்கே நாம் படிக்காவிட்டால் படிக்க ஆளே இல்லை. புத்தகம் கிடைக்கவில்லை என்றும் இனிச் சொல்ல முடியாது. 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் 350க்கும் மேற்பட்டவற்றை மின்வடிவில் ஏற்றினார்கள். கைப்பேசியிலேயே படிக்கலாம்.

ஈசூன் இளையவன்:
படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனரான எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்', பெரும்பகுதி தமிழில் பேசுகிற படம், 2008 கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. 2016இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' அதே கானில் விமர்சகர் வாரத்துக்குப் போனது. என் நண்பர்களில் இரண்டையும் பார்த்தவர் யாரும் இல்லை. சென்னையிலிருந்து வரும் பெரிய படம் என்றால் மட்டும் முதல் நாளே ஓடுகிறோம்.

தோபாயோ ரசிகன்:
வாசகி, என் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை என்கிறீர்கள். நான் பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தால் பாதிப் பட்டியல் சிங்கப்பூர்தான். ஜாலான் அம்பாஸ் எங்கே இருக்கிறது? பாலஸ்டியர் பக்கம். ஷா சகோதரர்கள் அங்கே மலாய்ப் படங்களை எடுத்துத் தள்ளிய காலத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்ற இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், நம் தமிழர். அந்தப் படங்களின் பாட்டு வரும் இடம், அழுகை வரும் இடம், அம்மா பேசும் வசனம் எல்லாவற்றிலும் நம் ஊர்ப் படங்களின் சாயல் அப்படியே தெரியும். அதனால்தான் மலாய் தெரிந்த என் அப்பாவும் தெரியாத என் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) மலாய்ப் பாட்டு, மாடியில் சீன நாடகம், வானொலியில் எம்.எஸ்.வி. இப்படி வளர்ந்த ஒருவனின் ரசனை சிங்கப்பூர்த் தமிழனின் ரசனை இல்லை என்றால் வேறு எது? தமிழில் எழுதியது மட்டும்தான் கணக்கா?
இளையவரே, 'மை மேஜிக்' பார்த்தேன். குடிகார அப்பாவாக வந்த பிரான்சிஸ் போஸ்கோ நிஜத்திலும் மேஜிக் செய்பவர். அவர் முகத்தை மறக்க முடியவில்லை. சரி, அதைச் சேர்த்துக்கொள்கிறேன், தாராளமாக.
கதைகளைப் பற்றி மணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் படித்த உள்ளூர்ச் சிறுகதைகளில் பல, கடைசிப் பத்தியில் வகுப்பு எடுக்கின்றன. முதியோர் இல்லத்தில் அப்பாவை விட்ட மகன் திருந்துகிறான், தமிழ் பேசாத பெண் தமிழுக்குத் திரும்புகிறாள். அசோகமித்திரனைப் படித்துப் பழகியவனுக்கு அது தொண்டையில் நிற்கிறது.

சிராங்கூன் வாசகி:
மலாய்ப் படங்கள் பற்றிச் சொன்னது அருமை, அதில் எனக்கு வாதமே இல்லை. நம் இளையவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கதைகளைப் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். நீங்கள் படித்தவை போட்டிக்காக எழுதியவை. போட்டிக் கதை எந்த ஊரிலும் அப்படித்தான் முடியும். லதாவின் தொகுப்பைப் படித்துவிட்டு வாருங்கள், அதில் யாரும் திருந்துவதில்லை. மனிதர்கள் தங்கள் சிக்கலோடே கதையை விட்டு வெளியே போகிறார்கள். அசோகமித்திரனிடம் உங்களுக்குப் பிடித்தது இதுதானே?

ஜூரோங் மணி:
அப்படியானால் தொலைக்காட்சிக்கு என்ன பதில்? நம் தமிழ் ஒளிவழி வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழி ஆனது. இத்தனை வருடத்தில் அண்ணன் பட்டியலுக்கு ஒரு நாடகமாவது தேறியிருக்க வேண்டாமா?

சிராங்கூன் வாசகி:
போலீஸ் தொடரான 'வேட்டை' 2010இல் வசந்தத்தில் வந்தபோது எங்கள் புளோக்கில் அந்த நேரத்துக்கு யாரும் கீழே இறங்க மாட்டார்கள். நம் போலீஸ், நம் சாலை, நம் பேச்சு. சென்னைத் தொடர்களில் அது கிடைக்காது.

தோபாயோ ரசிகன்:
பேச்சு நம் பேச்சு இல்லை வாசகி, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நாடகங்களில் வருகிற தமிழ், கோப்பிக்கடையில் நாம் பேசுகிற தமிழ் இல்லை. மலாய்ச் சொல்லும் ஹொக்கியன் சீனச் சொல்லும் கலக்காமல் இங்கே யார் வாயைத் திறக்கிறோம்? எழுத்தில் அதைக் கொண்டுவரும் ஆளைச் சொல்லுங்கள், இன்றைக்கே நூலகம் போகிறேன். லதா தொகுப்பை எடுக்கிறேன். தொலைக்காட்சி மட்டும் அப்படியே இருக்கட்டும், சீன நாடகத்தை நீக்க மாட்டேன்.

சிராங்கூன் வாசகி:
நீக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இன்னொன்று வையுங்கள் என்கிறேன். நீங்கள் கேட்ட கலப்புத் தமிழில் எழுதுபவர்கள் புதியவர்களில் இருக்கிறார்கள். பெயர்களை இன்று இரவு தனியாக அனுப்புகிறேன், பிடிக்காவிட்டால் இங்கேயே வந்து எழுதுங்கள்.