மின்மீட்டர் தானாக ஓடுவதற்கு என்ன பெயர்?

> ‘க்ரீப்பிங்’ என்பதற்கு ‘ஊர்தல்’ போதுமே. தட்டு மெல்ல நகர்வதைத்தானே குறிக்கிறது?

வணக்கம் ஐயா. மின்சாரம் செலவாகாதபோதும் மின்மீட்டர் ஓடும் பிழையை ஆங்கிலத்தில் ‘க்ரீப்பிங்’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல்லைத்தான் தேடுகிறோம்.

‘ஊர்தல்’ வேகத்தைச் சொல்கிறது, பிழையைச் சொல்லவில்லை. ஒரே ஒரு குண்டு பல்பு எரிந்தாலும் தட்டு ஊரத்தான் செய்யும். அது சரியான அளவு. சுமையே இல்லாதபோது, அதாவது மின்சாரத்தை இழுக்கும் கருவி எதுவும் ஓடாதபோது, மின்னழுத்தம் மட்டும் இருந்து தட்டு சுற்றினால்தான் பிழை.

தட்டு சுற்றும் பழைய வகையான தூண்டல் மீட்டரில் உராய்வை ஈடுகட்ட, அழுத்தச் சுருளின் (மின்னழுத்தம் பாயும் கம்பிச்சுருள்) காந்தமுனை அருகே ஒரு செம்பு வளையம் இருக்கும். அதைச் சற்றே நகர்த்தினால் தட்டுக்குச் சிறு உந்தல் கிடைக்கும். குறைந்த சுமையில் மீட்டர் பின்தங்குகிறதே என்று அளவுக்கு மீறி நகர்த்திவிட்டால், உராய்வை வென்ற மிச்ச உந்தல் தட்டைச் சுழற்றிவிடும். இந்த உந்தல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும்: அழுத்தம் 10% கூடினால் உந்தல் 21% கூடும். மாலையில் அசையாமல் நின்ற தட்டு, ஊரடங்கி அழுத்தம் ஏறும் நள்ளிரவில் ஓடுவது இதனால்தான். தட்டில் எதிரெதிராக இரண்டு துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளை காந்தமுனைக்கு நேராக வந்ததும், தட்டுக்குள் தூண்டப்பட்டு அதைச் சுற்றவைக்கும் சுழல் மின்னோட்டத்தின் பாதை குலைந்து தட்டு நின்றுவிடும். அரைச்சுற்றுக்கு மேல் போகாது.

யூனிட்டுக்கு 1200 சுற்று மீட்டர் 5 நிமிடத்துக்கு ஒரு சுற்று வெறுமனே ஓடினால் 10 வாட் கணக்கு. 30 நாளில் 7.2 யூனிட்.

‘வெற்றோட்டம்’ என்றும் எண்ணிப் பார்த்தேன். ‘ஓட்டம்’ வந்தாலே மின்னோட்டம் என்று படிப்பார்கள், சுமையற்ற மின்மாற்றி இழுக்கும் மின்னோட்டத்தோடு குழம்பும். என் பரிந்துரை ‘வெறும்பதிவு’.

> மின்னணு மீட்டரில் தட்டே இல்லையே?

அதனால்தான் ‘சுழற்சி’யைத் தவிர்த்தேன். அங்கே சிவப்பு விளக்கின் துடிப்புதான் பதிவு. சுமைப் பக்க இணைப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமான மின்னழுத்தத்தில் 115% கொடுத்தால், சோதனை நேரம் முழுவதற்கும் ஒரு துடிப்புக்கு மேல் வரக்கூடாது. இதை ‘வெறும்பதிவுச் சோதனை’ என்றால் இருவகை மீட்டருக்கும் பொருந்தும்.

வரையறையில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஈரச்சுவரின் மின்கசிவும் சுவிட்ச் போர்டின் இண்டிகேட்டர் விளக்கும் உண்மையான சுமைகள். அவற்றால் ஓடுவது வெறும்பதிவு ஆகாது. மெயினை அணைத்தால் மட்டும் போதாது, மீட்டரின் வெளிச்செல்லும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிய பிறகும் பதிவு ஏறினால்தான் இந்தப் பெயர்.