டெல்டாவுக்கு மறுபடியும் ஆரஞ்சு அலர்ட்: எச்சரிக்கை தேவைக்கு மேல் போகிறதா?

ஒரத்தநாட்டு உழவன் (திரியைத் தொடங்கியவர்)

ஐப்பசி பிறந்தால் போதும், டிவியில் ஒரே பாட்டுதான். "டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழை, தரைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர்." நாளைக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள், ஆரஞ்சு நிறத்தில். டெல்டா என்றால் எது? திருவையாறும் டெல்டா, கோடியக்கரையும் டெல்டா. இரண்டுக்கும் ஒரே காற்றா?

2016 டிசம்பரில் நாடா புயல் வந்தது. கரைக்கு வரும்போது வெறும் தாழ்வு மண்டலம். 2020 நவம்பரில் நிவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டை என்று பஸ்ஸையே நிறுத்தினார்கள். அது புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் கரை ஏறிப் போய்விட்டது. அந்த வாரம் எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் இளநீரை வெட்டித் தள்ளினார்கள். வியாபாரி சொன்னதுதான் விலை, மரம் ஏறுகிறவர் கேட்டதுதான் கூலி. அடுத்த வாரமே புரெவி. அதுவும் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. இப்படியே போனால் நிஜமாகவே வருகிற அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உறுதியானால் மட்டும் சொல்லுங்கள், தாலுகா பேரோடு சொல்லுங்கள். என் கருத்து இதுதான்.

கொண்டல்காத்து

அண்ணே, உறுதியான பிறகு சொல்வதற்கு வானிலை மையம் எதற்கு? எங்கள் வீட்டுக் கூரையே சொல்லும்.

கஜாவை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் முதலில் வட தமிழகம், தெற்கு ஆந்திரா என்றுதான் பேச்சு. அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றார்கள். கடைசியில் 16ஆம் தேதி விடிவதற்கு முன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறியது. வேதாரண்யம்தான் என்று உறுதியாகிற வரை காத்திருந்தால் எங்களுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சியிருக்கும்? அதற்குள் வயசானவர்களை முகாமுக்குக் கூட்டிப் போக வேண்டும், ஃபைபர் படகை மேலே இழுத்துக் கட்ட வேண்டும், இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீடு போனது, தோப்பு போனது, உப்பளம் போனது. முன்கூட்டியே முகாமுக்குப் போனவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். உங்களுக்கு நஷ்டம் இளநீர் விலை, எங்களுக்கு ஆள்.

ஒரத்தநாட்டு உழவன்

தம்பி, கடற்கரையைப் பற்றி நான் பேசவே இல்லை. உங்களுக்கு எச்சரிக்கை வேண்டும், கட்டாயம் வேண்டும். எங்கள் பக்கம் கதை வேறு. 2008 நவம்பர் கடைசியில் நிஷா வந்தது. புயல் கணக்கில் சாதாரணப் புயல்தான், காரைக்கால் பக்கம் கரை கடந்தது. ஆனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை. எங்களை அடித்தது காற்றில்லை, தண்ணீர். இவர்கள் காற்று, காற்று என்று பயமுறுத்திக்கொண்டே இருப்பார்கள், முழுகடிக்கிற மழையை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவார்கள்.

ஹாஸ்டல் பையன்

நாளைக்கு லீவு உண்டா, யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

காரைக்கால் கணக்கு

லீவைக் கலெக்டர் சொல்வார் தம்பி, படி.

உழவன் சார், நீங்களே உங்கள் வாதத்தை உடைத்துவிட்டீர்கள். சாதாரணப் புயல் என்கிறீர்கள், அதுதான் உங்கள் ஊரை முழுகடித்தது. அப்படியென்றால் "கரைக்கு வரும்போது வெறும் தாழ்வு மண்டலம்" என்று நாடாவைத் தள்ளுவது எப்படி? காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 89க்கு மேல் தீவிரப் புயல். இந்தப் படிகள் எல்லாம் காற்றுக்கு மட்டும்தான். மழைக்குப் பெயரும் தெரியாது, படியும் தெரியாது. புரெவி வலுவிழந்தது உண்மை. வலுவிழந்து அசையாமல் நின்றதால்தான் மழை கொட்டியது, சிதம்பரம் கோவிலுக்குள் தண்ணீர் புகுந்தது. "நின்றுவிட்டது" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள், நின்றதுதான் ஆபத்தே.

நிறத்தையும் எல்லாரும் தப்பாகவே படிக்கிறார்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் இப்போதே நடவடிக்கை எடு. ஆரஞ்சு கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது பொய்யான எச்சரிக்கை ஆகாது. தயாராக இருந்தீர்கள், தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

தாலுகா வாரியாகச் சொல்வதைப் பற்றி: 2024 நவம்பரில் ஃபெங்கல் என்ன செய்தது? 27ஆம் தேதி வாக்கில் புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. ஒரு கட்டத்தில் ஆகவே ஆகாது என்றார்கள், 29ஆம் தேதி ஆனது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரிப் பக்கம் ஏறி, நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. மயிலத்தில் 51 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தள்ளிக்கொண்டு போக மேலடுக்குக் காற்று வலுவாக இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். காரைக்காலில் ரேடார் இருக்கிறது. அது மழை மேகம் எங்கே இருக்கிறது என்று காட்டும், சில மணி நேரத்துக்குத் தாலுகாக் கணக்கில்கூடச் சொல்லலாம். மூன்று நாள் முன்னால் முடியாது.

பேராவூரணி செவ்விளநீர்

எல்லாரும் சொல்கிறார்களா இல்லையா என்றே சண்டை போடுகிறீர்கள். கஜா அன்றைக்கு எங்களுக்கு நன்றாகவே சொன்னார்கள். டிவியில் பகல் முழுக்க 100 முதல் 110 கி.மீ. காற்று என்று ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டோம். செல்போனுக்குச் சார்ஜ் போட்டோம், மெழுகுவத்தி வாங்கினோம், மாட்டை அவிழ்த்துவிட்டோம். அவ்வளவுதான். 110 கி.மீ. காற்று ஒரு தென்னையை என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. காற்று வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்காகும் என்பதை என் மகன் பிளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொண்டு அப்புறம் சொன்னான்.

வேரோடு சாய்ந்த மரம், நடுவில் ஒடிந்த மரம் எல்லாம் மறுநாள் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் ஏமாற்றியவை நின்ற மரங்கள்தான். தலை திருகிப்போய், மட்டையெல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும். பிழைத்துக்கொண்டது என்று நினைத்து உரம் வைத்தோம். சில மாதம் கழித்துக் குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது, அடியில் அழுகல் நாற்றம்.

அதனால் நிவருக்கு நாங்களும் இறக்கினோம். பழுத்த மட்டை, காய், இளநீர் எல்லாவற்றையும் இறக்கித் தலைப் பாரத்தைக் குறைத்தோம். வேளாண்மைத் துறையும் அதையேதான் சொன்னது. புயல் வரவில்லை. விலை கிடைக்கவில்லை என்கிறீர்கள் அண்ணே. ஒரு வெட்டு போனால் இரண்டு மாதத்தில் அடுத்த வெட்டு வரும். நெட்டை மரம் போனால் கன்று வைத்து ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம்.

மலையேறிய மன்னார்குடியான்

மன்னார்குடிக்காரன், பிழைப்புக் கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம். புயலைக் கடலோரச் செய்தியாகவே எல்லாரும் பேசுவதால் ஒரு வார்த்தை. கஜா கரை ஏறி அடங்கிவிடவில்லை. திண்டுக்கல் வழியாக வந்து இந்த மலையிலும் மரங்களைச் சாய்த்து, ரோட்டை அடைத்துவிட்டு, அரபிக்கடலுக்குப் போனது. அன்றைக்கு என்னைச் சுற்றி இருந்தவர்கள், "அது நாகப்பட்டினத்துக்கு, நமக்கென்ன" என்றுதான் இருந்தார்கள். காப்பித் தோட்டத்து நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் சரசரவென்று முறிந்தது. சரிவில் மண் ஊறிப் போயிருந்தால் மரம் விழப் பெரிய காற்றே தேவையில்லை. விழுகிற மரம் வேர்மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் அங்கேயே சரிவு விடும். உழவன் அண்ணன் கேட்கிற மாதிரி எச்சரிக்கையைச் சுருக்கினால் முதலில் விடுபடுவது மலைதான்.

ஒரத்தநாட்டு உழவன்

நாலு பேர் சேர்ந்து என்னைப் புயலுக்கு ஆதரவாளன் ஆக்கிவிட்டீர்கள், சந்தோஷம்.

பேராவூரணி அக்கா சொன்னதை ஏற்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் அந்த எச்சரிக்கை உபயோகம். தென்னைக்குச் சொல்லிவிட்டார்கள், சரி. நெல்லுக்கு? தாளடி நட்டு வேர் பிடிக்கவில்லை, சம்பா முழங்கால் உயரம். ஆரஞ்சு அலர்ட்டை வைத்துக்கொண்டு நான் பயிருக்குக் குடை பிடிக்கவா? வரப்பை வெட்டித் தண்ணீரை விடு என்பீர்கள். விடுகிறேன். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, என் வயல் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும், அவர் தண்ணீர் என் வயலுக்கு வரும். வடிகாலைத் தூர் வாருவது தனி ஆள் வேலையா? அதை வெயில் காலத்தில் செய்யாமல் மழைக்காலத்தில் கலர் கலராக அலர்ட் கொடுப்பது, "சொல்லிவிட்டோம், இனி உங்கள் பாடு" என்று கை கழுவுகிற வேலை. அதனால்தான் எனக்கு எரிச்சல்.

கொண்டல்காத்து

இப்போது பேசுவது நியாயம். ஆனால் இந்த இடத்தில்தான் காற்று எச்சரிக்கை உங்களுக்கும் வேண்டும்.

உங்கள் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் கடைசியில் எங்கள் பக்கம்தான் வர வேண்டும். கோரையாறு, பாமணியாறு, வளவனாறு, முள்ளியாறு, எதுவானாலும் முகத்துவாரத்தில் கடல் வாங்கினால்தான் வடியும். கிழக்கே இருந்து கொண்டல் விடாமல் இரண்டு நாள் அடித்தால் கடல் கரையோடு ஏறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் வாய் வரைக்கும் வந்து எதுக்களித்துக்கொண்டு திரும்பும். முகத்துவாரத்தில் நின்றால் கண்ணால் பார்க்கலாம்: மேலே கலங்கல் நுரை கடலைப் பார்த்துப் போகும், ஓரத்தில் வெங்காயத்தாமரைக் கொத்து ஊரைப் பார்த்து மிதந்து வரும். உங்கள் வயலில் மழை விட்டு வெயிலே அடித்தாலும் தண்ணீர் இறங்காது. மழை எவ்வளவு என்பது பாதிதான். காற்று எந்தத் திசையில் எத்தனை நாள் நிற்கும் என்பது மீதி. கடலோர எச்சரிக்கையில் "கிழக்கு, வடகிழக்குக் காற்று 45 முதல் 55" என்று வந்தால், ஒரத்தநாட்டில் இருந்தாலும் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வயலில் இருக்கிற தண்ணீரை மழைக்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும்.

எனக்கும் இந்த எச்சரிக்கையில் குறை உண்டு. வங்கக்கடலில் எங்கேயோ காற்று என்றால் இங்கே கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. சில நாள் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், நாங்கள் கரையில் உட்கார்ந்து வலை பொத்துவோம். தடைக்கால நிவாரணம், நலிவுகால நிவாரணம் எல்லாம் தருகிறார்கள், மறுக்கவில்லை. ஐஸ் கடன், டீசல் கடன் அதற்காகக் காத்திருக்குமா? அப்படி இருந்தும் டோக்கன் கொடு என்று நான் கேட்க மாட்டேன். 2017இல் ஒக்கி வந்தபோது குமரிக்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். சேதி போய்ச் சேரவில்லை. எத்தனை வீட்டில் இன்னும் படத்துக்கு மாலை போடாமல் வைத்திருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

காரைக்கால் கணக்கு

கொண்டல் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நம் பக்கம் புயல் மேற்கே போகும்போது, அதன் பாதைக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடல் ஏறும். கண் நேராக மேலே வந்தால் முதலில் வாடை அடிக்கும், திடீரென்று அடங்கும், அப்புறம் நேர் எதிராகத் தெற்கிலிருந்து அடிக்கும். அடங்கிய நேரத்தில் முடிந்துவிட்டது என்று வெளியே வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டிலும் இந்தக் கணக்கு உண்டு. 8ஆம் எண்ணும் 9ஆம் எண்ணும் ஆபத்தில் ஒன்றுதான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்பதுதான் வித்தியாசம். 10 என்றால் துறைமுகத்தின் மேலேயே. நம் ஆட்கள் 9ஐவிட 8 பரவாயில்லை என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரத்தநாட்டு உழவன்

முகத்துவாரக் கணக்கு எனக்குப் புதிது இல்லை, எங்கள் அப்பா "கடல் வாங்கலைடா" என்பார். ஆனால் அதை அலர்ட்டில் யார் எழுதுகிறார்கள்? "காற்று கிழக்கில் நிற்கும், வடிகால் இரண்டு நாள் வடியாது, இன்றைக்கே வயலை இறக்கு" என்று ஒரு வரி போடட்டும், நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன். அது வருகிற வரை டெல்டா முழுக்க ஒரே ஆரஞ்சைப் பூசினால் நான் அசைய மாட்டேன். நாளைக்கு என் தென்னையில் ஆள் ஏறாது.

பேராவூரணி செவ்விளநீர்

உங்கள் மரம், உங்கள் இஷ்டம் அண்ணே. கஜாவில் ஒரு லட்சத்துக்கு மேல் கரண்டுக் கம்பம் போனது. எங்கள் தெருவுக்கு வெளிச்சம் வர எத்தனை நாள் ஆனது என்று எங்களுக்குத்தான் தெரியும். ரோட்டோரம் லைன் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தில் மட்டுமாவது ஆளை ஏற்றுங்கள், மீதியில் உங்கள் கொள்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் பையன்

லீவு விட்டாச்சு. நாகை, திருவாரூருக்கு மட்டும். தஞ்சாவூருக்கு இல்லையாம்.

ஒரத்தநாட்டு உழவன்

பார்த்தீர்களா, கலெக்டருக்கு மட்டும் மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்கத் தெரிகிறது.