வேளாங்கண்ணி நடைப்பயணம்: இரவில் நாய்த்தொல்லை, விவரம் தேவை

வணக்கம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து நடந்து வருபவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் அதிகம் நடக்கிறார்கள். நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, கண்ணைப் பார்க்காமல், பையை முன்னால் பிடித்து மெல்லப் பின்வாங்கச் சொல்கிறோம். மூங்கில் கழியை ஓங்கினால் வெறி கூடும். நுனியைத் தாழ்த்தி நாய்க்கும் காலுக்கும் நடுவே நீட்டினால் போதும். நாய்கள் கூட்டமாக வந்தால் பின்பக்கமாகச் சுற்றி வருவதுதான் பெரும்பாலும் கடிக்கும், அதனால் முதுகு மதகுச் சுவர் பக்கம் இருக்கட்டும்.

கீழ்வேளூர் வழியில் எந்தெந்த இடங்களில் தொல்லை அதிகம்? கடித்தால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சாலையோரம் இரவில் தண்ணீர் தரக்கூடியவர்கள் யார்? ரத்தம் வரும் கடிக்கு ரேபிஸ் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினும் (காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புச் சக்தி ஊசி) வேண்டும். இரவில் அது எந்த அரசு மருத்துவமனையில் இருக்கும்? தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.