புதுப்பிப்பு: சான்றிதழ்ப் பெயர் பொருந்தாத பிழை நீங்கியது

எங்கள் சங்கத்தின் இணையதளத்தை முன்னால் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்த்துத் திறந்தால் மட்டும், தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் பாதுகாப்புச் சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை என்று குரோம் உலாவி எச்சரிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். சான்றிதழ்களைச் சோதிக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எல் கருவியில் அந்த முழு முகவரியையும் கொடுத்துப் பார்த்தபோது, சான்றிதழ் எந்தெந்த முகவரிகளுக்குச் செல்லும் என்று சொல்லும் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் முன்னொட்டு இல்லாத பெயர் ஒன்றே இருந்தது. 2017இல் வந்த குரோம் 58 முதல் முன்பு தளத்தின் பெயரைக் குறிக்கப் பயன்பட்ட பொதுப்பெயர்ப் புலம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்பதால், இந்தப் பட்டியலில் இல்லாத பெயர் உலாவிக்கு அந்நியமே.

ஒரு முகவரியை மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டால் போதும் என்ற யோசனை உதவாது. திருப்புமாறு சர்வர் சொல்வதற்கு முன்பே சான்றிதழைச் சரிபார்த்துப் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் நடந்து, எச்சரிக்கை வந்துவிடுகிறது. ஆகவே சான்றிதழ் பெற உதவும் செர்ட்பாட் கருவியில் இரு பெயர்களையும் கொடுத்து, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டிடம் புதிதாக ஒன்றைப் பெற்று, சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தேன்.

அதன் பிறகும் சில கைப்பேசிகளில் மட்டும் பிழை தொடர்ந்ததுதான் விசித்திரம். தளப் பெயரைச் சர்வரின் எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில், பழைய முகவரி முறையான ஐபிவி4க்கான ஏ பதிவு புதிய சர்வரைக் காட்ட, புதிய முறையான ஐபிவி6க்கான ஏஏஏஏ பதிவு பழைய வாடகைச் சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. ஐபிவி6 வழியாகச் செல்லும் மொபைல் இணைப்புகளுக்கு அங்கிருந்து, அந்தச் சர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழே கிடைத்திருக்கிறது. பதிவைத் திருத்தி, பழைய பதிவு தற்காலிகமாகச் சேமிக்கப்பட்டிருக்கும் டிடிஎல் காலம் கழிந்ததும் அவையும் சரியாகிவிட்டன.

பெயருக்கு முன் ‘*’ இட்டுத் துணைப்பெயர்களுக்குப் பொதுவாகப் பெறும் நட்சத்திரக் குறிச் சான்றிதழ் போதாதா என்று கேட்டவருக்கு: அது ஒரே ஒரு படிநிலைத் துணைப்பெயர்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால் வெறும் பெயரைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும், மேலும், லெட்ஸ் என்கிரிப்ட் அதற்கு டிஎன்எஸ்ஸில் பதிவு சேர்த்துப் பெயர் நம்முடையது என்று காட்டும் சரிபார்ப்பை மட்டுமே ஏற்கிறது.