இந்தப் பரிசல் படத்தை வரைந்தவர் யார்?

தர்மபுரியில் படம் வரைவதுதான் என் தொழில். இப்போது வரைந்துகொண்டிருப்பவர்களின் படங்களைத் தேடிப் பிடித்து, அவர்களிடம் கேட்டுவிட்டு, வாரம் ஒன்றாக பென்னாகரம் ரோட்டில் நண்பரின் டீக்கடைச் சுவரில் பெயரோடு ஒட்டுகிறேன். பெயர் தெரியாமல் ஒன்றைக்கூட ஒட்டியதில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே ஏழு பரிசல்கள், நேர் மேலிருந்து பார்ப்பதுபோல. நீலம், ஆரஞ்சு, காகித வெள்ளை, அவ்வளவுதான். நீலத்தின் மேல் ஆரஞ்சு ஏறும் இடத்தில் மட்டும் ஒரு பழுப்பு. ஒவ்வொரு நிறமாக ஒன்றின்மேல் ஒன்று அச்சிடும் ரிசோகிராஃப் அச்சில் வருமே, அந்தச் சொரசொரப்போடு. ஒரு பரிசல் கரையில் இருக்கிறது. அதன் ஓரத்தில் இரண்டு கால்களின் நிழல். யாரோ தலையில் கவிழ்த்துச் சுமந்து போகிறார் என்று புரியவே எனக்கு ஒரு நாள் ஆனது. என்ன கண் அது!

வலது கீழ் மூலையை யாரோ வெட்டியிருக்கிறார்கள். கையெழுத்தில் ‘ழ’வின் சுழிபோல ஒரு வளைவுதான் மிச்சம்.

படத்தைக் கொடுத்தே தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் தேடிவிட்டேன். பின்டரெஸ்டில் பெயரில்லாத நகல்கள்தான் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரங்கள் (மெட்டாடேட்டா) போய்விடும், அதனால் அந்த வழியும் இல்லை. அகலம் 900 பிக்சல். அனுப்பியவருக்கு வேறொரு குழுவிலிருந்து வந்ததாம். அங்கேயும் கேட்டாயிற்று. ஓசூரில் அச்சகம் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் இரண்டு பேரிடமும் காட்டினேன்.

படம் கீழே. இதை வரைந்தவர் யார், அல்லது வெட்டாத முழுப் படத்தை எங்கே பார்த்தீர்கள்?