பள்ளிக் கட்டடம் கட்டும்போது பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கேட்டதுண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஆசிரியை, கடலூர்:

எங்களுடையது கடற்கரைப் பக்கம் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளி. புது வகுப்பறைகளும் கழிப்பறையும் வரப்போகிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினார்கள். "பிள்ளைங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார் எங்கள் தலைமை ஆசிரியர்.

என்ன வேண்டும் என்று கேட்டால் நீச்சல்குளம், ஏசி என்றுதான் பதில் வரும். அதனால் கையில் சாக்பீஸ் கொடுத்து, பிடித்த இடத்தில் வட்டமும் போகப் பிடிக்காத இடத்தில் பெருக்கல் குறியும் போடச் சொன்னோம். வேப்பமரத்தடியில் ஒரே வட்டமாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் பழைய கழிப்பறைக்குப் போகும் பாதையில் பெருக்கல் போட்டிருந்தார்கள். விசாரித்தோம். அந்த மூலையில் மதில் தாழ்வு. வெளியே எப்போதும் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வழியாகப் போகக் கூசி, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். கேட்டபோது நெஞ்சு பதறிவிட்டது. புது வரைபடத்திலும் கழிப்பறை அதே மூலையில்தான் இருந்தது.

பொறியாளரிடம் சொன்னதும், செப்டிக் டேங்கை நகர்த்த முடிந்த அளவுக்குக் கழிப்பறையை ஆசிரியர் அறைப் பக்கம் கொண்டுவந்தார். நல்ல மனிதர். வகுப்பறையின் அளவு அரசு மாதிரிப்படிதான், அதை மாற்ற முடியாது என்று முதலிலேயே பிள்ளைகளிடம் விளக்கிவிட்டார். அவர்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

காற்றைப் பற்றி மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். வடக்கிலிருந்து வரும் வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் எல்லாம் வீட்டிலேயே புழங்கும் பேச்சு. "வாசல கிழக்க வெச்சா ஐப்பசி மழையில சாரல் முதல் பெஞ்சு வரைக்கும் வரும் டீச்சர்" என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறிய ஊர் இது. வராண்டாக் கூரையை நீட்டிக் கட்டினார்கள்.

ஆசிரியர்கள் கேட்டவை இரண்டு. மேற்கு ஜன்னல் வெயில் மதியத்தில் கரும்பலகையில் பட்டு எழுத்தே தெரியாது. பலகையை வேறு சுவருக்கு மாற்ற வேண்டும். அப்புறம், செயல்வழிக் கற்றல் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்காகச் சுவரின் கீழ்ப்பகுதியில் அமைத்தது போன்ற தாழ்வான கரும்பலகைகள் வேண்டும். இரண்டும் கிடைத்தன. சத்துணவு அக்கா சொல்லி, கை கழுவும் குழாய்களை இரண்டு உயரத்தில் வைத்தோம்.

பெற்றோர், புதுச்சேரி:

என் மகன் சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறவன். கல்வி உரிமைச் சட்டம் 2009 தடையற்ற வழி வேண்டும் என்கிறது. அவன் பள்ளியிலும் சாய்வுதளம் இருந்தது. ஆனால் இரண்டடி உயரத்துக்குப் பத்தடி நீளம்தான்! 1 அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. அவனால் தனியாக ஏற முடியாது. ஏறினாலும் வாசல்படி தடுக்கும். கட்டும் முன்பு அவனை ஒரு முறை அழைத்துக் கேட்டிருக்கலாம். பிறகு அவனுடைய வகுப்பு டீச்சர் விடாமல் பேசி, நடுவில் திரும்பும் மேடையோடு நீளமாகக் கட்ட வைத்தார். இப்போது யார் கையையும் எதிர்பார்க்காமல் போகிறான்.

கட்டட வரைவாளர், புதுச்சேரி:

டீச்சர் சொன்ன மேற்கு வெயிலுக்கு எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியில் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய பலகைகள். காற்று வரும், வெயில் வராது. பள்ளிக்கும் இதையே முதலில் பார்ப்பேன்.

கட்டடத்தையே பாடக் கருவியாக்குவதும் நம் நாட்டில் பழகிய முறைதான். கதவு திறக்கும் தரையில் கோணமானி வரைந்துவிட்டால், கதவைத் தள்ளியே 30, 60, 90 பாகை படிக்கலாம். ஆனால் எந்தச் சுவரில் எது வேண்டும் என்பதை அந்த வகுப்பை நடத்துகிறவர்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் வரைந்த பல படங்கள் பீரோவுக்குப் பின்னால் மறைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்பதாக இருந்தால் எஸ்டிமேட் போடும் முன்பே கேளுங்கள். டெண்டர் முடிந்த பிறகு ஒரு ஜன்னலை நகர்த்தவும் திரும்ப அனுமதி வாங்கி அலைய வேண்டியிருக்கும்.